வெக்கை தீர்ந்த வெளி

"சிங்கம், சிறுத்தையெல்லாம் நீ பாத்துக்க கண்ணு. எனக்கு அந்த மாட்டைக் காட்டினாப் போதும்."

தான்சானியாவின் அருஷா நகரத்திலிருந்து கிளம்பிய முதல் நாள் காலை, லேண்ட் குரூசரில் ஏறி உட்கார்ந்ததும் அப்பா இதைச் சொன்னார். அந்த மாடு என்று அவர் சொன்னது வில்டபீஸ்ட்டை. உயிரியல் கணக்கில் அது மாடு இல்லை, பெரிய மான் வகை. ஆனால் குளம்பு பிளந்து, அசைபோட்டு, மந்தையாக மேய்கிற எதுவும் அப்பாவுக்கு மாடுதான். 34 வருடம் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களில் கால்நடை ஆய்வாளராக இருந்தவர். இப்போது வயது 72. அவருடைய இளமையில் பெரும்பகுதி வெக்கை நோய்க்கு ஊசி போடுவதிலேயே போனது.

வெக்கை என்றால் வெயிலின் காந்தல் என்றுதான் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பெயரில் ஒரு கொள்ளை நோய் இருந்ததையும், அதன் பேச்சு எழுந்தாலே தொழுவத்தில் வேப்பிலை ஏறியதையும் அறிந்த தலைமுறை எழுபதைத் தாண்டிவிட்டது. மாட்டுக்கு முதலில் காய்ச்சல் வரும். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறில் தவிடு தூவினாற்போல் புண் இருக்கும். அதன்பின் நிற்காத கழிச்சல். ஒரு வாரம், பத்து நாளில் தொழுவம் காலியாகிவிடும். ராணிப்பேட்டையிலிருந்து வரும் மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு, விடியும் முன்பே சைக்கிளில் கிளம்புவார் அப்பா. கரைத்த மருந்தில் வெயில் பட்டால் அது வீண். மாடுகள் மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடப்படுவதற்குள் ஊருக்குள் இருக்க வேண்டும். ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று மாட்டை மறைத்து வைக்கிற வீடுகளும் உண்டு. அங்கே திண்ணையில் உட்கார்ந்து, காப்பி குடித்து, உறவுமுறை சொல்லிப் பேசி, பிறகு ஊசியை எடுக்க வேண்டும்.

அந்த நாட்களில் ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு மருத்துவர் சொன்னாராம்: ஆப்பிரிக்காவில் ஒரு புல்வெளியைச் சுற்றியிருந்த ஊர் மாடுகளுக்கு வெக்கை ஊசி போட்டார்கள், காட்டுக்குள் இருந்த மந்தை தானாகப் பெருகியது என்று. காட்டு விலங்குக்கு ஒரு சொட்டு மருந்துகூடப் போகவில்லை. அப்பா அதை நாற்பது வருடத்துக்கும் மேலாக மனதில் வைத்திருந்தார். ஆப்பிரிக்கா போகலாமா என்று நான் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை.

பயணமே ஊசியில்தான் தொடங்கியது. கென்யா வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, அதற்கான மஞ்சள் அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வரிசையில் நின்றபோது, செவிலியர் மருந்து கரைப்பதை அப்பா இமைக்காமல் பார்த்தார். "கை சுத்தமா இருக்குது" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அவரிடமிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது.

மும்பையிலிருந்து நைரோபிக்கு விமானம். அங்கிருந்து தெற்கே, நமங்கா எல்லையைக் கடந்து சாலை வழியாக அருஷா. நைரோபியை விட்டுக் கிளம்பும்போது முகுகா எந்தப் பக்கம் என்று அப்பா கேட்டார். அது வடமேற்கே, எங்கள் வழி தெற்கே. வால்டர் ப்ளவ்ரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் முகுகா ஆய்வுக்கூடத்தில்தான் 1960 வாக்கில் வெக்கைக்கான புதிய தடுப்பூசியை முழுமையாக்கினார். கென்யாவின் கபெட்டேயில் எடுத்த கிருமியைக் கன்றின் சிறுநீரகச் செல்களில் சுமார் 90 தடவை வளர்த்து வளர்த்து, அதன் கொல்லும் குணத்தைக் கழித்த மருந்து அது. பின்னாளில் நம் நாட்டிலும் அந்த வித்தே பயன்பட்டது. அப்பா பிளாஸ்க்கில் சுமந்தது நைரோபிக்குப் பக்கத்தில் பிறந்த மருந்து. அவர் சன்னல் வழியாக அந்தத் திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு வாய்த்த ஓட்டுநர் மாசாய் இனத்தவர். எந்துலேன் என்ற ஊருக்குப் பக்கத்தில், மாட்டுப்பட்டியில் பிறந்து வளர்ந்தவர். அப்பாவை முதல் வணக்கத்திலிருந்தே 'ம்ஸே' என்றுதான் கூப்பிட்டார். சுவாஹிலியில் அது மூத்தவருக்கான மரியாதைச் சொல். சஃபாரி என்பதும் அந்த மொழியின் சொல்தான், பயணம் என்று பொருள். அரபியின் 'சஃபர்' அதன் வேர்.

கொரொங்கோரோ பள்ளத்தின் விளிம்புக்குப் போனபோது பனி மூடியிருந்தது. பெரிய எரிமலை ஒன்று இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே சரிந்து உண்டான பள்ளம். ஆழம் சுமார் 600 மீட்டர், அடித்தளம் 260 சதுர கிலோமீட்டர் அளவு. ஏறத்தாழ 25,000 பெரிய விலங்குகள் அதற்குள் வாழ்கின்றன. ஒட்டகச்சிவிங்கி மட்டும் கிடையாது. பள்ளத்தில் இறங்கி ஒரு பகல் முழுக்கச் சுற்றினோம். கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று தொலைவில் கரும்புள்ளியாய் நின்றது. உப்பேரியின் ஓரத்தில் பூநாரைகள் இருந்தன. ஒரு குளத்தில் நீர்யானைகள் பாறைகளைப்போல் கிடந்தன. அழகில் குறையே இல்லை. ஆனால் ஒரு சிங்கத்தைச் சுற்றிப் பதினைந்து வண்டிகள் நின்றபோது எனக்கு மனம் ஒட்டவில்லை. கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

பள்ளத்தைவிட அதன் விளிம்பில் கேட்ட கதைதான் என்னோடு வந்தது. 1892இல் இங்கே இறங்கிய முதல் ஐரோப்பியர் ஆஸ்கர் பௌமான். அவர் கண்டது விலங்குச் செழிப்பை மட்டும் அல்ல. பசியில் எலும்பாகிப்போன மாசாய்களையும் கண்டு எழுதி வைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1887 வாக்கில், இத்தாலியப் படைக்காகச் செங்கடல் கரையில் இறக்கிய மாடுகளோடு வெக்கை நோய் ஆப்பிரிக்காவின் கொம்பு முனைக்கு வந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்றே வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். பத்தே ஆண்டுகளில் நோய் கண்டத்தின் தெற்கு முனை வரை போய்ச் சேர்ந்தது. பத்து மாட்டுக்கு எட்டு, ஒன்பது என்று செத்தன. காட்டெருமையும் வில்டபீஸ்ட்டும் கூடவே மடிந்தன. மாட்டையே பாலாகவும் சீதனமாகவும் மானமாகவும் கொண்ட மாசாய்கள் அந்தக் காலத்தை 'எமுத்தாய்' என்கிறார்கள். துடைத்தழிப்பு என்று பொருள்.

ஓட்டுநர் இதைச் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டார். "நம்மூர்ல இருந்தா போச்சுன்னு சொல்றாரு?" ஆமாம் என்றேன். அதன்பின் வெகு தூரம் அவர் பேசவில்லை.

மனிதகுலத்தின் மூதாதையர் எலும்புகள் கிடைத்த ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் அரை மணி நேரம் நின்றோம். அங்கே சொல்வதற்கு நிறைய இருக்கிறது, அது வேறொரு பயணத்துக்கு உரியது. மாலைக்குள் ந்தூத்து சமவெளியில் இருக்க வேண்டும்.

செரெங்கெட்டி என்ற பெயர், முடிவில்லாத வெளி என்று பொருள்படும் மாசாய் சொல்லிலிருந்து வந்தது. தேசியப் பூங்காவின் பரப்பு மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர். அதன் தென்கிழக்கு ஓரம் ந்தூத்து. மரங்கள் ஏரிக்கரையோடு நின்றுவிட, அப்புறம் கணுக்கால் உயரப் புல் மட்டும் தொடுவானம் வரை போகிறது. காரணம் மண்ணில் இருக்கிறது. கிழக்கே உள்ள எரிமலைகள் காலங்காலமாகத் தூவிய சாம்பல் இறுகிப் பாறைபோல் ஒரு தட்டாகிவிட்டது. மர வேர் அதைத் துளைத்து இறங்க முடியாது. அதே சாம்பலால் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் மிகுதி. மடி சுரக்க வேண்டிய தாய்க்கு இதைவிட நல்ல தீவனம் அந்த வட்டாரத்தில் இல்லை. மழை பெய்து புல் முளைக்கும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை மந்தை இங்கே இருக்கும். புல் காய்ந்ததும் மேற்கே போய், வடக்கே ஏறி, மாரா ஆற்றைக் கடந்து, மறுபடி மழையின் வாசனைக்குத் தெற்கே திரும்பும். பிப்ரவரியில் ஈற்று. சுமார் ஐந்து லட்சம் கன்றுகள் பிறக்கின்றன, அவற்றில் பெரும்பகுதி மூன்றே வாரத்துக்குள்.

முதலில் சத்தம்தான் வந்தது. ஐப்பசி மழை விட்ட இரவில் குளத்துத் தவளைகள் கத்துவதுபோல், ஆனால் அடித்தொண்டையில், 'ன்யூ, ன்யூ' என்று. ஓட்டுநர் ஒரு மேட்டில் வண்டியை ஏற்றி இன்ஜினை நிறுத்தினார். கூரையைத் தூக்கிவிட்டு எழுந்து நின்றோம்.

அந்தக் காட்சிக்கு என்னிடம் அளவுகோல் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல் கருத்திருந்தது. மேகத்தின் நிழல் என்று நினைத்தேன், நிழல் நகர்ந்து மேய்ந்தது. குதிரை முகம், எருமைக் கொம்பு, ஆட்டுத் தாடி, பின்னால் சரிந்த முதுகு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அழகு என்று சொல்ல முடியாத உருவம். மந்தையாகப் பார்த்தால் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. இடையிடையே வரிக்குதிரைகள். ஐரோப்பாவிலிருந்து குளிர்காலம் கழிக்க வந்த செங்கால் நாரைகள் புல்லுக்குள் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. அப்பா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. எண்ணுகிறாரோ என்று பார்த்தேன், இல்லை. "எத்தனை! எத்தனை!" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த மந்தையை முதலில் எண்ண முயன்றவர்கள் ஜெர்மானியர்களான பெர்ன்ஹார்ட் கிர்சிமெக்கும் அவர் மகன் மிக்கேலும். வரிக்குதிரைக் கோடு தீட்டிய சிறிய விமானத்தில் பறந்து எண்ணினார்கள். 1959 ஜனவரியில் கழுகு மோதி விமானம் விழுந்தது. மிக்கேல் இறந்தார். கொரொங்கோரோ விளிம்பில் அவருடைய கல்லறையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம், தந்தையும் பின்னாளில் அங்கேயே சேர்ந்தார். 1960களின் தொடக்கத்தில் வில்டபீஸ்ட் ஏறத்தாழ இரண்டரை லட்சம். 1977இல் சுமார் 13 லட்சம். நடுவில் நடந்தது பயிற்சி வகுப்பில் அப்பா கேட்டதுதான். பூங்காவைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போட, காட்டுக்குள் வருடா வருடம் கன்றுகளைக் கொன்ற வெக்கை 1963 வாக்கில் மறைந்தது. நோயின் ஊற்று காட்டில் இல்லை, பட்டியில் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆன்டனி சின்கிளேர் என்ற ஆய்வாளர் 1960களிலிருந்து பல பத்தாண்டுகள் இங்கேயே இருந்து இதைக் கணக்கிட்டுக் காட்டினார். மந்தை பெருகியதும் புல் குட்டையானது. காய்ந்த புல் மிஞ்சாததால் காட்டுத் தீ குறைந்தது. தீயில் கருகிய மரக்கன்றுகள் தப்பித்து வளர்ந்தன. ஏரிக்கரையில் நின்ற அந்தக் குடைவேல மரங்களைப் பார்த்தபோது, இவற்றில் எத்தனை ஒரு மாட்டு ஊசியால் பிழைத்தவையோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். நாற்பது அடி தூரத்தில் ஒரு பசு (அப்பாவின் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்) படுத்து எழுந்து, எழுந்து படுத்தது. இவை பெரும்பாலும் உச்சிவேளைக்கு முன்பே ஈனுகின்றன, இருட்டுவதற்குள் கன்று ஓடப் பழகிவிட வேண்டும். முன்னங்கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. "தலை சரியா வருது" என்றார் அப்பா, கால்நடை மருந்தக முற்றத்தில் நிற்பவரைப்போல. கன்று விழுந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இளம் பழுப்பு நிறம், ஈரம் மின்னியது. ஒரு முறை எழுந்து முகம் குப்புற விழுந்தது. மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை நின்றது. "ஏழு நிமிசம்!" நம் வீட்டுக் கன்று எழுந்து நிற்க அரை மணியாவது ஆகும். இதற்கு அவ்வளவு அவகாசம் யாரும் தரமாட்டார்கள். நூறடி தள்ளி ஒரு கழுதைப்புலி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று அது வரவில்லை. இத்தனை கன்றுகள் ஒரே நேரத்தில் விழும்போது தின்கிற வாய்களுக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. பிந்திப் பிறக்கிற கன்றுக்குத்தான் ஆபத்து அதிகம்.

தாயும் கன்றும் நகர்ந்த இடத்தில் நஞ்சுக்கொடி கிடந்தது. எங்கள் பக்கம் அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள், நாய் இழுக்கக் கூடாது என்று. இங்கே வானத்திலிருந்து பாறு கழுகுகள் இறங்கின. ஒன்று, ஐந்து, பன்னிரண்டு. விரித்த சிறகோடு தத்தித் தத்தி ஓடி வந்து, நிமிடத்தில் தரையைத் துடைத்துவிட்டன. அப்பா சிங்கத்தைப் பார்த்தபோதுகூட இப்படிக் குனிந்து பார்க்கவில்லை.

"முன்னெல்லாம் நம்மூர்லயும் செத்த மாட்டுல இப்பிடித்தான் உழுகும்" என்றார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "நானும் அந்த ஊசி போட்டிருக்கேன் கண்ணு. வலிக்குன்னு குடுத்தது. தெரியாம போச்சு."

டைக்ளோஃபெனாக்கைச் சொன்னார். மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட மருந்து. அந்த மாடு செத்துக் கிடந்தால், இறைச்சியைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் பழுதாகி அவை இறந்தன. 1990களில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2004இல் காரணம் தெரிந்தது, 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போனால்தான் பார்க்கலாம். மாட்டுக்குப் போட்ட ஒரு ஊசி இந்த வெளியை நிரப்பியது, இன்னொரு ஊசி எங்கள் வானத்தைக் காலி செய்தது. இரண்டையும் போட்ட கை என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் அதன்மேல் என் கையை வைத்தேன்.

சிங்கங்களையும் பார்த்தோம். குடைவேல நிழலில் ஒன்பது உருப்படிகள், வயிறு புடைக்கத் தின்றுவிட்டுத் தூக்கம். குட்டி ஒன்று தாயின் காதைக் கடித்து அறை வாங்கியது. 1994இல் செரெங்கெட்டியின் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஆயிரம், வலிப்பு வந்து செத்தன என்று ஓட்டுநர் சொன்னார். டிஸ்டெம்பர் என்னும் நாய் நோய், சுற்றுப்புற ஊர் நாய்களிடமிருந்து பரவியது. அதன்பின் ஊர் ஊராக நாய்களுக்கு ஊசி போட்டார்கள். "சிங்கத்தைக் காப்பாத்தோணும்னா நாயைப் புடிக்கோணும்" என்று அப்பா தலையாட்டிக்கொண்டார். புலிகள் காப்பகத்து ஓர ஊர்களில் கோமாரி ஊசி போட்ட மனிதர், புரிந்துகொள்ள அவருக்கு நேரமாகவில்லை.

மூன்றாம் நாள் மதியம், அப்பாவுக்கே தெரியாத ஒன்றை ஓட்டுநர் சொன்னார். இவ்வளவு புல் இருக்கும்போது மாசாய் மாடு ஒன்றைக்கூடக் காணோமே என்று அப்பா கேட்டதற்கு வந்த பதில் அது. ஈற்றுக் காலத்தில் மாட்டை இங்கே கொண்டுவந்தால் செத்துப்போகும். வில்டபீஸ்ட் கன்றின் மூக்கிலும் கண்ணிலும் ஒழுகும் நீரில் ஒரு கிருமி உண்டு. பிறந்த முதல் மூன்று மாதம் அது வெளியேறிக்கொண்டே இருக்கும். வில்டபீஸ்ட்டை அது ஒன்றும் செய்யாது. மாட்டுக்குத் தொற்றினால் காய்ச்சல், கண் வெளுத்துப் பார்வை போய், அநேகமாகச் சாவுதான். நஞ்சுக்கொடி கிடந்த புல்லைத் தின்றால் வருகிறது என்று மாசாய்கள் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். கிருமியை 1960இல் பிரித்துக் காட்டியதும் அதே ப்ளவ்ரைட்தான்.

ஆகவே வருடத்தின் நல்ல புல் முளைக்கிற மாதங்களில் மாசாய்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுகிறார்கள். வெக்கை அடங்கி மந்தை ஐந்து மடங்கானபோது, அவர்கள் விலக வேண்டிய வெளியும் பெரிதானது. அவர்கள் மாட்டுக்குப் போட்ட ஊசியால் காடு பெருகியது, அதற்கு விலையாக அவர்கள் மேய்ச்சலை இழந்தார்கள். 1959இல் செரெங்கெட்டியைவிட்டு வெளியேற்றி கொரொங்கோரோவில் குடியிருக்கச் சொன்னார்கள். 2022 முதல் அங்கிருந்தும் தொலைவிலுள்ள ம்சொமேராவுக்குக் குடிபெயர்க்கும் வேலை நடக்கிறது. பல குடும்பங்கள் எதிர்த்து நிற்கின்றன. மாசாய் ஓட்டுநர் இதைக் குரல் உயர்த்தாமல், சாலையைப் பார்த்தபடியே சொன்னார். தலைக்கட்டணம் கட்டி வேடிக்கை பார்க்க வந்த நாங்கள் அந்த வண்டியில் உட்கார்ந்து அதைக் கேட்டோம். மனிதனும் மாடும் இல்லாத வெளியே இயற்கை என்று படம் எடுத்துக் காட்டுகிறவர்கள் பொய் காட்டுகிறார்கள் என்று எனக்கு அங்கே உறுதிப்பட்டது.

அன்று மாலை தாயைத் தொலைத்த ஒரு கன்று எங்கள் வண்டியிடம் வந்தது. நகரும் பெரிய உருவம் எதையும் தாய் என்று நம்பி அவை பின்தொடருமாம், சில நேரம் கழுதைப்புலியையே. சக்கரத்தருகே நின்று அண்ணாந்து கத்தியது. அப்பா கதவின் பிடியில் கை வைத்தார். "வேண்டாம் ம்ஸே" என்றார் ஓட்டுநர். இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வண்டி நகர்ந்தால் மந்தையைவிட்டு இன்னும் விலகி வந்துவிடும். இருபது நிமிடம் மூவரும் அசையாமல் இருந்தோம். ஒரு கூட்டம் பக்கத்தில் கடந்தபோது கன்று அதன் பக்கம் ஓடியது. முதல் பசு கொம்பால் தள்ளியது. இரண்டாவதும் தள்ளியது. அப்புறம் தூசிக்குள் எது எதுவென்று தெரியவில்லை.

திரும்பும் வழியில், கொரொங்கோரோ மேட்டில், சாலையோரம் மாசாய் மாடுகள் மேய்ந்தன. திமில் உள்ள சிறிய உருப்படிகள், கழுத்து மணி ஓசை அப்படியே நம்மூர். அப்பா நிறுத்தச் சொன்னார். இவ்விடத்தில் இறங்கலாம் என்று ஓட்டுநர் தலையசைத்தார். சிவப்புப் போர்வை போர்த்திய பையன் ஒருவன், பத்து வயது இருக்கும், கோலை ஊன்றி ஒற்றைக்காலில் நின்றான். ஓட்டுநர் மாசாய் மொழியில் ஏதோ கேட்க, அவன் சரி என்றான்.

செவலைப் பசு ஒன்றின் தாடையை அப்பா சொறிந்துகொடுத்தார். அது கழுத்தை நீட்டியது. இடது கையால் மூக்கைப் பிடித்து, வலது கட்டைவிரலால் உதட்டைத் தூக்கி, ஈறைப் பார்த்தார். மேலும் கீழும், இரண்டு பக்கமும். நாக்கைச் சற்று ஒதுக்கி அடிப்புறத்தையும் பார்த்தார். வெக்கை உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று 2011இல் அறிவித்தாயிற்று. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த நோய் அது ஒன்றுதான்.

அந்த ம்ஸே என்ன தேடுகிறார் என்று பையன் கேட்டானாம். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே கேள்வியை எங்களிடம் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க தம்பி" என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார் அப்பா. "சுத்தமா இருக்குதுன்னு சொல்லுங்க."